வீட்டில் பாட்டுப் பதிவு: கண்டென்சரா, டைனமிக்கா?

மாடிவீட்டுப் பாடகி:
திருச்சியில் பத்துக்குப் பத்து அறை, சுற்றிலும் வெறும் சுவர். தம்புரா சுருதியோடு கீர்த்தனைகள் பாடிப் பதிய வேண்டும். மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி இரண்டுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் வைத்திருக்கிறேன். கடையில் மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக் வாங்கச் சொல்கிறார்கள். ஆனால் இங்கே ஃபேன் சத்தம், தெருவில் வண்டிச் சத்தம். என்ன வாங்கலாம்?

கேபிள்காரன்:
மேடையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகைதான் அக்கா. ஷூர் எஸ்எம்58, 1966 முதல் மேடைகளில் அடிபட்டு உழைக்கும் மைக். கண்டென்சர் பக்கத்து வீட்டு குக்கர் விசில் வரை இழுத்துவிடும். நான் வாங்கி ஆறே மாதத்தில் விற்றேன்.

சுருதிப்பெட்டி:
அண்ணா, இந்த "இழுத்துவிடும்" என்பதை என்னால் ஏற்க முடியாது. எது குரல், எது குக்கர் என்று எந்த மைக்குக்கும் தெரியாது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் ஒரு பாஸ்கல் (ஒலி அழுத்த அளவு) ஒலிக்கு ஏறக்குறைய 14 மில்லிவோல்ட் தருகிறது. எஸ்எம்58 தருவது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அந்தக் குறையை இன்டர்ஃபேஸில் கெயின் (ஒலிப்பெருக்கம்) ஏற்றிச் சரிசெய்தால் ஃபேன் சத்தமும் கூடவே ஏறும். இரண்டும் கார்டியாய்டு, அதாவது முன்பக்க ஒலியை அதிகமாகவும் முதுகுப்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுப்பவை; ஒரே தூரத்தில் வைத்துப் பாடினால் குரலுக்கும் ஃபேனுக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நாம் எஸ்எம்58-ஐ உதட்டருகே பிடிக்கிறோம், கண்டென்சரை ஓர் அடி தள்ளி வைக்கிறோம். வித்தியாசம் அங்கேதான். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். ஓர் அடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் 12.

கேபிள்காரன்:
கணக்கு சரி தம்பி. ஆனால் கண்டென்சரில் மூன்று அங்குலத்தில் "பாஹி" என்று பாடிப் பார், ப வெடிக்கும். எஸ்எம்58-இன் உருண்டைக்குள்ளேயே காற்றுத் தடுப்பு இருக்கிறது. நெருங்கிப் பாட அதுதான் தோது.

சுருதிப்பெட்டி:
கச்சேரி மேடையென்றால் நானும் அதையே சொல்வேன். வீட்டில் எதற்கு அவ்வளவு நெருக்கம்? கமகம் பாடும்போது தலை ஆடும். மூன்று அங்குலத்தில் கொஞ்சம் அசைந்தாலும் குரலின் கனம் மாறிவிடும், கீழ்ஸ்தாயி கும்மென்று வீங்கும். ஒரு சாண் தள்ளிப் பாடினால் அந்தத் தொல்லை குறையும். அக்கா, பாட்டு முடியும்வரை மட்டும் ஃபேனை நிறுத்துங்கள். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும், உங்களுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். கண்டென்சர் தாராளமாகப் போதும்.

மாடிவீட்டுப் பாடகி:
எல்லோரும் ஷூரின் எஸ்எம்7பி டைனமிக் மைக் என்கிறார்களே? பணம் சேர்த்து அதையே வாங்கிவிடலாமா?

கேபிள்காரன்:
வேண்டாம் அக்கா, இதில் தம்பியும் நானும் ஒரே கட்சி. மெதுவாகப் பாட அதற்கு 60 டெசிபல் கெயினாவது வேண்டும். ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறை தருவதே 56. நான்காம் தலைமுறையில்தான் 69. பழைய பெட்டியோடு சேர்த்தால் ஆலாபனைக்கு அடியில் உஸ்ஸென்ற இரைச்சல் கேட்கும். கண்டென்சரே வாங்கினாலும் கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இன்டர்ஃபேஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனாலும் ஃபேனை நிறுத்தி, வியர்த்து வழிய ஒரு ராகம் பாட முடியுமா என்பது என் சந்தேகம். அடுத்த வாரம் திருச்சி வருகிறேன். என்னுடைய எஸ்எம்58-ஐ எடுத்து வருகிறேன், பத்து நாள் வைத்துப் பாடிப் பாருங்கள்.

சுருதிப்பெட்டி:
என் ஏடி2020-ஐயும் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டையும் ஒரே சாண் தூரத்தில் வைத்து, ஒரே பல்லவியைப் பாடி, இரண்டு பதிவுகளையும் இங்கே போடுங்கள் அக்கா.