வளவு வீட்டுக் குழு: ஞாயிறு நாடகத்துக்கு யார் யார்?

மீனா: ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்குக் காரைக்குடியில் நாடகம் இருக்கிறது, வருகிறவர்கள் சொல்லுங்கள். ஏரியல் டார்ஃப்மன் எழுதிய ‘டெத் அண்ட் த மெய்டன்’, தமிழில். முன்பு போட்ட அதே பிள்ளைகள்தான் மறுபடி போடுகிறார்கள், அப்போது நம்மில் பாதிப் பேர் ஊரில் இல்லை.

வள்ளி ஆச்சி: கதையைச் சொல்லு முதலில். ஆயாவைக் கூட்டி வரலாமா?

மீனா: சிலி மாதிரி ஒரு நாடு, ராணுவ ஆட்சி இப்போதுதான் முடிந்திருக்கிறது. பாலினா என்று ஒரு பெண், அந்த ஆட்சியில் கண்ணைக் கட்டிச் சித்திரவதை செய்யப்பட்டவள். பதினைந்து வருஷம் கழித்து, கார் டயர் பஞ்சராகி வழியில் நின்ற அவள் புருஷனை ஒரு டாக்டர் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். டாக்டரின் குரலைக் கேட்டதும், தன்னைச் சித்திரவதை செய்தவன் இவன்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோகிறது. ராத்திரி அங்கே தங்கியவரைக் கட்டிப்போட்டு, துப்பாக்கியோடு தானே விசாரிக்கிறாள். மேடையில் மூன்றே பேர். ஆயாவுக்கு வேண்டாம் ஆச்சி, தனக்கு நடந்ததை அவள் சொல்கிற இடம் தாங்காது.

சிதம்பரம் அம்மான்: கண் கட்டியிருந்தவள் குரலை வைத்து அடையாளம் காட்டுவது, கட்டிப்போட்டு வாங்குகிற வாக்குமூலம், இரண்டுமே எந்தக் கோர்ட்டிலும் நிற்காது ஆத்தா. அவளே நீதிபதி என்றால் அந்த ராணுவத்துக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

மீனா: நிற்காதுதான் அம்மான். ஆனால் அவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? சிலியில் 1973-இல் ராணுவத்தோடு ஆட்சியைப் பிடித்த பினோசெட் 1978-லேயே பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுத் தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டார். 1990-இல் மக்களாட்சி வந்த பிறகும் 1998 வரை அவர்தான் ராணுவத் தளபதி. புது அரசு அமைத்த ரெட்டிக் ஆணையம் செத்தவர்கள், காணாமல் போனவர்கள் கணக்கைத்தான் எடுத்தது. சித்திரவதைக்குப் பிறகு உயிரோடு திரும்பியவர்களுக்கு அதில் இடமே இல்லை. பாலினாவின் புருஷன் அந்த மாதிரி ஆணையத்துக்குத்தான் நியமிக்கப்படுகிறான், அவள் செத்திருந்தால்தான் அவன் அவளைப் பற்றி விசாரிப்பான். அதை நினைத்தாலே எனக்கு ஆறவில்லை.

முத்து: அப்போ உயிரோடு இருந்தவர்களை யாருமே கேட்கவில்லையா?

மீனா: கேட்டார்கள் தம்பி, ரொம்பத் தாமதமாக. உயிரோடு திரும்பியவர்களை விசாரித்த வாலெக் ஆணையத்தின் முதல் அறிக்கை 2004-இல் வந்தது, பாதிக்கப்பட்டவர்கள் என்று அது ஏற்றவர்கள் 27,000 பேருக்கு மேல். அந்தச் சாட்சியங்களையும் 50 வருஷம் மூடி வைக்கச் சட்டம் போட்டார்கள். பினோசெட் 2006-இல் தண்டனையே இல்லாமல் செத்தார்.

உமையாள் அயித்தை: இங்கே நெருக்கடி நிலையின்போது, மிசா காலத்தில் சென்னை மத்திய சிறையில் அடைத்தவர்களை அடித்தார்களே, தி.மு.க. எம்.பி. சிட்டிபாபு கூட 1977-இல் இறந்தாரே, அதற்கு ஒரு ஆணையம் வந்தது இல்லையா?

சிதம்பரம் அம்மான்: இஸ்மாயில் ஆணையம். நம் கம்பன் விழாக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த அதே நீதிபதி மு. மு. இஸ்மாயில்தான். அடி வாங்கியவர்கள் வந்து சொல்ல ஒரு இடம் இருந்தது. அதைத்தான் நானும் சொல்கிறேன், முறையான விசாரணை வேண்டும்.

மீனா: அந்த இடம் பாலினாவுக்குக் கிடைத்திருந்தால் அவள் துப்பாக்கியை எடுத்திருக்கவே மாட்டாள் அம்மான், என் கட்சி அவ்வளவுதான்.

சிதம்பரம் அம்மான்: சரி, டாக்டர் செய்தானா இல்லையா?

மீனா: நாடகம் தீர்த்துச் சொல்லாது. முடிவில் மேடையில் பெரிய கண்ணாடி ஒன்று இறங்கும், உட்கார்ந்திருக்கிற நம் முகம் அதில் தெரியும். டார்ஃப்மன் அப்படித்தான் எழுதியிருக்கிறார், இந்தப் பிள்ளைகள் அதை எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

சிதம்பரம் அம்மான்: தேவகோட்டையிலிருந்து நேரே வந்துவிடுகிறேன், முன்வரிசையில் இடம் பிடித்து வை. நான் டாக்டருக்காகத்தான் வாதாடுவேன்.

மீனா: தாராளமாக அம்மான். பாலினா பேசி முடிக்கிறவரை மட்டும் பொறுத்துக் கேளுங்கள்.

வள்ளி ஆச்சி: நானும் வருகிறேன். ஆயாவோடு யார் இருப்பது, அதைச் சொல்லுங்கள்.

முத்து: நான் இருக்கிறேன் ஆச்சி, மறுநாள் காட்சிக்குப் போய்க்கொள்கிறேன்.