கோலாகிராஃபுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை கெடு)

குழுவினருக்கு வணக்கம்.

ஓவிய ஆசிரியர்களுக்கான கையேட்டில் கோலாகிராஃப் என்ற அச்சோவிய முறை பற்றி ஒரு பக்கம். வெள்ளியன்று அச்சகத்துக்குப் போகிறது. செய்முறை இதுதான்: 2 மி.மீ. அட்டையில் கொசுவலை, சணல், உப்புத்தாள், காய்ந்த இலை ஆகியவற்றை ஃபெவிகாலால் ஒட்டி, இரவு முழுக்கப் பாரம் வைத்துக் காயவிட வேண்டும். பிறகு அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு. மை தடவி, துடைத்து, ஈரத்தாளில் அச்செடுக்க வேண்டும். "பசையச்சு" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
— செ.

ஐயா, கிரேக்கத்தில் கொல்லா என்றால் பசை. அந்த வகையில் சரி. ஆனால் படிப்பவர் பசையைத் தொட்டு அச்சடிப்பதாக நினைப்பார். கல்லச்சில் (லித்தோகிராஃப்) கல்லே அச்சுமுகம், அதாவது மை ஏந்தும் பரப்பு. இங்கே பசை ஒட்டுவதோடு சரி. "ஒட்டச்சு" என்போம். வினைத்தொகையாகவும் விரிக்கலாம்.
— ம.

> இங்கே பசை ஒட்டுவதோடு சரி.

இல்லை அம்மா. ஃபெவிகாலைப் புட்டியின் மூக்கால் கோடாக இழுத்துக் காயவிட்டுப் பாருங்கள். கோட்டின் முதுகு வழவழப்பு, துடைத்தால் மை நிற்காது, வெள்ளையாக விழும். இரு ஓரமும் மை தேங்கிக் கறுக்கும். உப்புத்தாள் இதற்கு நேர்மாறு, துடைக்கத் துடைக்க மையை விடாது. ஆகப் பசையும் அச்சுமுகம்தான். "ஒட்டு" என்றால் மாங்கன்றுதான் நினைவுக்கு வரும்.
— இரா.

பசை பேச்சுவழக்கு. "பயின்" என்ற பழஞ்சொல் இருக்க ஏன் தயக்கம்? பயினச்சு. இன்னொன்று: கொல்லா, கோலம் இரண்டும் ஒரே வேராக இருக்கலாம். "கோலவரைவு" என்றாலும் தகும்.
— த.

கோலமாவில் பசை ஏது ஐயா? பயினச்சு என்றால் ஏதோ பயிற்சி அச்சு என்பார்கள் பிள்ளைகள். பசை கட்சிக்கும் ஒரு கேள்வி. கொலோடைப் என்று ஒன்று உண்டு, ஜெலட்டின் பூசிய கண்ணாடியில் ஒளிப்படம் அச்சிடுவது. அதற்கும் இதே கொல்லாதான் வேர். அதை எப்படி அழைப்பீர்கள்? கோலாகிராஃப் என்ற பெயரே 1956இல் சியாட்டிலில் கிளென் ஆல்ப்ஸ் என்ற அமெரிக்க அச்சோவியர் சூட்டியது. நாற்பது பக்கக் கையேட்டுக்கு ஒலிபெயர்ப்பு போதாதா?
— ம.

போதாது. லித்தோகிராஃபைக் கல்லச்சு ஆக்கியவர்கள் இப்படி நினைத்திருந்தால்?
— த.

சொல் இருக்கட்டும், செய்முறையில் ஓட்டை இருக்கிறது. வார்னிஷை அட்டையின் முதுகிலும் விளிம்பிலும் பூசச் சொல்லுங்கள். விட்ட இடத்தில் ஈரம் ஏறி அட்டை ஊதும். ஃபெவிகாலையே மேல்பூச்சாக விட்டால் ஈரத்தாள் பட்டு இளகும். தாளோடு இலையும் கிழிந்து வரும். ஒட்டும் பொருள் 2 மி.மீ.க்கு மேல் உயர்ந்தாலும் தாள் கிழியும். அப்புறம், வீட்டில் அழுத்தப் பொறி ஏது? சப்பாத்திக் கட்டையின் அழுத்தம் பள்ளத்து மையை எடுக்காது. பொறி இல்லாதவர்களுக்குத் தனிக் குறிப்பு வேண்டும்: மேட்டில் மட்டும் உருளையால் மை ஏற்று, மெல்லிய உலர்தாள் வைத்து, கரண்டி முதுகால் தேய். ஈரத்தாளும் துடைப்பும் பொறி உள்ளவருக்கே. ஆப்செட் மை என்றால் சமையல் எண்ணெயில் துடைத்தால் போகும்.
— இரா.

திருத்திவிட்டேன், நன்றி. அட்டைக்கு என்ன சொல்வது? "அச்சுத்தகடு" என்று எழுதியிருக்கிறேன்.
— செ.

தகடு உலோகம். அச்சட்டை?
— ம.

அச்சட்டை என்றால் "அந்தச் சட்டை" என்று படிப்பார்கள். அச்சுப்பலகை.
— த.

பலகை மரம் அல்லவா!
— ம.

நேரமில்லை. எண்ணிப் பார்த்ததில் பசையச்சு நால்வர், ஒட்டச்சு இருவர், பயினச்சு ஒருவர். பசையச்சு என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் கோலாகிராஃப் என்று சேர்க்கிறேன். அட்டையை அட்டை என்றே விட்டுவிட்டேன்.
— செ.

என் மறுப்பு பதிவாகட்டும். கொலோடைப் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.
— ம.