கோடுஷேர் டிக்கெட்: சஃபையர் நிலை இருந்தும் சீட்டுக்குப் பணம் கேட்கிறது

ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சஃபையர் உறுப்பினர் நிலை வைத்திருக்கிறேன். அந்தக் கூட்டணியில் அதற்குக் கீழ்நிலையான ரூபியிலிருந்தே விருப்ப இருக்கை சலுகை உண்டு. ஆனால் அடுத்த மாதப் பயணத்துக்கு எந்த சீட்டைத் தொட்டாலும் கட்டணம் காட்டுகிறது.

இது கோடுஷேர், அதாவது டிக்கெட் வாங்கியது ஒரு நிறுவனத்தில், விமானத்தை இயக்குவது இன்னொன்று, உறுப்பினர் அட்டை மூன்றாவது நிறுவனத்துடையது. மூன்றுமே ஒன்வேர்ல்ட்தான். எகானமி, ஆனால் ஆகக் குறைந்த கட்டண வகை இல்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவும் அதே பதிவில் வருகிறார், அவருக்கு நடைபாதை ஓர சீட் கட்டாயம் வேண்டும். அதனால் செக்-இன் வரை காத்திருக்க மனமில்லை.

இயக்கும் நிறுவனத்தின் தனி பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்கள் தளத்திலேயே திறந்து பார்த்தேன். உறுப்பினர் எண் இருக்கிறது, நிலை மட்டும் காலி. எண்ணை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். செயலியிலும் அதே கதை. போன் செய்தால் விற்றவர் இயக்குபவரைக் கேட்கச் சொல்கிறார், அவர் திருப்பி இவரிடமே அனுப்புகிறார். இப்போது பணம் கட்டினால் பின்னால் திரும்ப வருமா என்பதற்கும் யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

இப்படி மூன்று நிறுவனங்கள் கலந்த டிக்கெட்டில் நிலையைப் பதிய வைத்தவர்கள், யாரிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள்?