கடன் வாங்கிக் கழித்தல்: ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு என்ன சொல்வது?

பயிற்சி மாணவி:
தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் ஈராசிரியர் பள்ளியில் போட்டிருக்கிறார்கள். இன்றுதான் முதன்முதலாகத் தனியாக நின்று பாடம் எடுத்தேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு, கடன் வாங்கிக் கழித்தல். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அதே அறையில்தான்.

40 நிமிடத்துக்குப் பாடக்குறிப்பு எழுதியிருந்தேன். 15 நிமிடத்தில் முடிந்துவிட்டது. "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது டீச்சர்!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நோட்டைப் பார்த்தால் பாதிப் பேர் 32-இல் 17 போனால் 25 என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு சிறுமி எழுந்து, "பக்கத்து வீட்டுல கடன் வாங்கினா திருப்பிக் கொடுக்க வேணாமா டீச்சர்?" என்று கேட்டாள். இரண்டுக்குப் பக்கத்து வீடு மூன்று என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். எனக்குப் பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன். அவளுக்கு என்ன சொல்ல?

கணக்கு டீச்சர்:
நல்ல பிள்ளைம்மா அவள். கேட்டதும் சரியான கேள்வி. முதலில் அந்த 25-ஐப் பார். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறார்கள். அது கவனக்குறைவு இல்லை. பெரியதிலிருந்துதான் சின்னதை எடுக்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

கடன் என்ற சொல்லையே விட்டுவிடு. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. 3 கட்டு, 2 உதிரி. இதில் 7 குச்சி எடுக்கச் சொல். ஒரு கட்டைப் பிரித்தால்தான் முடியும். பிரித்தால் 2 கட்டு, 12 உதிரி, மொத்தம் அதே 32. யாரும் யாரிடமும் வாங்கவில்லை, திருப்பித் தரவும் வேண்டியதில்லை. ரப்பர் பேண்டைப் பிள்ளைகளே கழற்றட்டும், நீ கை வைக்காதே.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
டீச்சர் சொன்னதைச் செய்யுங்கள். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லாது. "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேளுங்கள். மிச்சமான 25 நிமிடமும் அதற்கே போய்விடும். குச்சியை எண்ணிக் கட்டுகிற வேலையை ஒன்றாம் வகுப்புக்குக் கொடுங்கள். அவர்கள் கட்டட்டும், மூன்றாம் வகுப்பு பிரிக்கட்டும். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலையையும் ஒரே அறையில் நடத்துகிறோமே, அதே முறைதான்.

பயிற்சி மாணவி:
நன்றி டீச்சர், நன்றி ஐயா. இன்று அப்படியே செய்தேன். எல்லாருக்கும் 15 வந்தது, அந்தச் சிறுமிக்கு மட்டும் 14. எப்படிப் போட்டே என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள், முறையில் ஒரு தப்பும் இல்லை. பிரித்த குச்சிகளை அவளே திரும்ப எண்ணினாள். கட்டில் 9-தான் இருந்திருக்கிறது. நேரே போய் அதைக் கட்டிய ஒன்றாம் வகுப்புப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரலைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ண வைத்தாள். மணி அடித்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.