அப்பாவுக்கு ஸ்டென்ட், அம்மாவுக்கு முட்டி வலி: யுங்ஃப்ராவ்யோக் போகலாமா? தங்குற ஊர்ல காரும் போகாதாம், ஐடியா சொல்லுங்க

மதுரைப்பொண்ணு_மியூனிக்:
வணக்கம் மக்களே. நாங்க மியூனிக்ல இருக்கோம், ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஜூலை கடைசில சுவிஸ் கிளம்புறோம். நானும் வீட்டுக்காரரும், ரெண்டு பசங்க (11 வயசு, 4 வயசு), அப்பா அம்மா, கூட என் ஃப்ரெண்டும் அவ ஹஸ்பண்டும், மொத்தம் எட்டு பேர், 9 சீட்டர் வேன் வாடகைக்கு எடுத்தாச்சு, வெங்கன்ங்கிற மலை ஊர்ல ஒரு வீடும் புக் பண்ணியாச்சு. இப்ப வீட்டு ஓனரம்மா மெயில் போட்டிருக்காங்க, வெங்கனுக்கு ரோடே கிடையாது ரயில்லதான் ஏறி வரணும்னு. கேன்சல் பண்ணா பணம் திரும்பாது. அம்மாவால பெட்டி தூக்கிட்டு படி ஏற முடியாது.

ரெண்டாவது, அதுதான் பெரிய கவலை, அப்பாவுக்கு போன வருஷம் ஸ்டென்ட் வச்சிருக்கு. அவருக்கு யுங்ஃப்ராவ்யோக் (ரயில்லயே போகக்கூடிய உயரமான பனிமலை இடம்) போய் பனியத் தொட்டுப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. டிக்கெட் இப்பவே போட்டுடலாம்னு ஃப்ரெண்ட் சொல்றா. நாடு பூரா ரயில்ல சுத்துற டிராவல் பாஸ் எடுக்கணுமா, டிக்கெட் பாதி விலைக்குக் கிடைக்குற ஹாஃப் ஃபேர் கார்டா, அதுவும் குழப்பம்.

ரயில்கிறுக்கன்:
அக்கா வீட்ட கேன்சல் பண்ணிடாதீங்க, வெங்கன் அருமையான ஊர், கார் இல்லாததுதான் அந்த ஊரோட சுகமே, நாலு வயசுப் புள்ளய ரோட்டுல பயமில்லாம விடலாம். வேன கீழ பள்ளத்தாக்குல இருக்குற லவுட்டர்புருன்னன்ல விட்டுடுங்க, ஸ்டேஷன ஒட்டியே பல மாடி பார்க்கிங் இருக்கு, அங்கருந்து வெங்கனுக்கு பல்சக்கர ரயில்ல கால் மணி நேரம்தான். ஆனா ரெண்டு விஷயம். ஜூலைல அந்த பார்க்கிங் ரொம்பிடும், இப்பவே ரிசர்வ் பண்ணுங்க. 9 சீட்டர் வேன் உயரமா இருக்கும், உள்ள நுழைய உயர வரம்பு எவ்வளவுன்னு பாத்துட்டு வேனோட உயரத்தயும் வாடகைக் கம்பெனிகிட்ட கேட்டுக்கங்க, வாசல்ல போய் நின்னு முழிக்கக் கூடாது. வெங்கன் ஸ்டேஷன்ல இருந்து வீடு வரைக்கும் பேட்டரி டாக்ஸி ஓடுது, வீட்டு ஓனரம்மாகிட்ட ரயில் நேரம் சொன்னா ஏற்பாடு பண்ணிடுவாங்க.

பாஸ் விஷயம்: நீங்க ஊர் ஊரா ரயில்ல சுத்தப் போறதில்ல, ஒரே இடத்துல தங்கி மலைக்குப் போய்ட்டு வரப் போறீங்க, அதுக்கு ஹாஃப் ஃபேர் கார்டுதான் சரி. டிராவல் பாஸ் வச்சிருந்தா வெங்கன் வரைக்கும் இலவசம், அதுக்கு மேல யுங்ஃப்ராவ்யோக்குக்கு 25% தான் தள்ளுபடி. ஹாஃப் ஃபேர்ல அதுவே பாதி விலை, ஏரில ஓடுற படகுக்கும் பாதி. கார்டு வாங்கும்போது ஃபேமிலி கார்டும் கேட்டு வாங்குங்க, தனிக் காசு இல்ல, பெரியவனுக்கு உங்களோட வரும்போது டிக்கெட்டே வேணாம். சின்னவன் 6 வயசுக்குக் கீழ, எப்படியும் ஃப்ரீ.

மலைக்காத்து:
அப்பா விஷயத்துல கொஞ்சம் நிதானமா யோசிங்கம்மா. யுங்ஃப்ராவ்யோக் 3454 மீட்டர். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான், ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். வெங்கன் 1270 மீட்டர் சுமார், அங்கருந்து ஒரே மூச்சுல ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல ஏறுறீங்க, உடம்பு பழக டைமே கிடையாது. நல்லா இருக்குறவங்களுக்கே அங்க படி ஏறினா தலை கிறுகிறுக்கும். ஸ்டென்ட் போட்டவங்க எல்லாரும் போகக் கூடாதுன்னு நான் சொல்லல, அவரோட கார்டியாலஜிஸ்ட்கிட்ட "3454 மீட்டர், ரயில்ல போய் ரெண்டு மணி நேரம் இருக்கப் போறார்"னு உயரத்தச் சொல்லிக் கேளுங்க. "சுவிஸ் போகலாமா"ன்னு மொட்டையாக் கேட்டா போகலாம்னுதான் சொல்வாங்க.

டிக்கெட்ட இப்ப போடாதீங்க. மேல மேகம் மூடிட்டா அத்தன காசு குடுத்துப் போய் வெள்ளைச் சுவரத்தான் பாப்பீங்க. காலைல எழுந்ததும் லைவ் கேமரா பாத்துட்டு, தெளிவா இருந்தா அன்னைக்கு முதல் வண்டிகள்ல ஒண்ணப் பிடிங்க. சீட் ரிசர்வேஷன் தனிக் காசு, சீசன்ல அத எடுத்துக்கிறது நல்லது.

பெர்ன்வாசி:
அக்கா, நான் இஞ்ச பெர்ன்ல கன காலமா இருக்கிறன், ஊரில இருந்து வாற வயசான ஆக்கள எல்லாம் நான் கூட்டிக்கொண்டு போறது வெங்கர்னால்ப். வெங்கனில இருந்து க்ளைன ஷைடெக் போற ரயில்ல இடையில வாற ஸ்டேஷன், 1870 மீட்டர் அளவு. இறங்கினா நேர எதிரில யுங்ஃப்ராவ் மலை முழுசா நிக்கும். வெயில் ஏறின பிறகு பின்னேரம் வரைக்கும் அங்க இருந்து பாருங்கோ, எதிர் மலையில ஒரு வெள்ளக் கோடு சரியிறது தெரியும், ஒண்டும் கேக்காது, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இடி மாதிரிச் சத்தம் வரும். ஐஸ் உடைஞ்சு விழுறது அக்கா. அப்பாவ ஒரு கதிரையில இருத்திவிட்டால் காணும், எழும்ப மாட்டார்.

பிள்ளையளுக்கு வெங்கனில இருந்து கேபிள் கார்ல மென்லிஷன். மேல 2200 மீட்டருக்குக் கொஞ்சம் கூட, பெரிய மரப் பசு வச்ச விளையாட்டு இடம் இருக்கு, ஐகர், மென்ஷ், யுங்ஃப்ராவ் மூண்டு மலையும் வரிசையா வடிவாத் தெரியும். அங்கயிருந்து க்ளைன ஷைடெக்குக்கு நடை பாதை, ஒண்டரை மணித்தியாலம், கூடுதலா இறக்கம். அம்மா நடக்க வேண்டாம், இறக்கம்தான் முழங்காலுக்குக் கூடாது, அதே கேபிள் கார்ல திரும்பி வரட்டும்.

ட்ரூமெல்பாக் அருவி மலைக்குள்ள இருக்கு, பாக்க நல்லம், ஆனா படியெல்லாம் ஈரம், அம்மாவுக்கு சரிவராது. நாலு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள விடவும் மாட்டினம்.

ரயில்கிறுக்கன்:
ரோடு பத்தி விட்டுட்டேன். சுவிஸ் ஹைவேக்கு 40 ஃபிராங்க் வருஷ விக்னெட் (ஹைவே கட்டண பாஸ்) கட்டாயம், ஆன்லைன்லயே வண்டி நம்பர் போட்டு வாங்கலாம். நடுவுல ப்ரெகன்ஸ் பக்கம் ஆஸ்திரியாவத் தொட்டுப் போவீங்க, பார்டர்ல இருந்து ஹோஹனெம்ஸ் வரைக்கும் அந்த ஹைவேல ஆஸ்திரியா விக்னெட் வேணாம், தாண்டிப் போனாதான் வேணும். பெரியவன் 150 செ.மீ. உயரம் வரலன்னா 12 வயசு வரைக்கும் அவனுக்கும் பூஸ்டர் சீட் இருக்கணும். அப்புறம் சுவிஸ் ஐரோப்பிய யூனியன் கிடையாது, உங்க ஜெர்மன் சிம்ல சுவிஸ் ரோமிங் சேருமான்னு பாத்துடுங்க, இல்லன்னா லைவ் கேமரா பாக்குறதுக்கே பில் எகிறும்.

மதுரைப்பொண்ணு_மியூனிக்:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. மதுரை டாக்டர்கிட்ட வீடியோ கால்ல உயரத்தச் சொல்லிக் கேட்டோம், 3400 வேண்டவே வேண்டாம், ரெண்டாயிரம் சுத்தி உக்காந்து பாக்கலாம், மாத்திரைய விடக் கூடாதுன்னுட்டார். அப்பா முகம் வாடிப் போச்சு, எனக்கும் மனசு கேக்கல, ஆனா பெர்ன்வாசி தம்பி எழுதினத அப்படியே வாசிச்சுக் காட்டினேன், "ஐஸ் உடையுற சத்தம் கேக்குமா"ன்னு ரெண்டு தடவ கேட்டார். அதனால முடிவு இதுதான்: வானம் தெளிவா இருக்குற அன்னைக்கு ஃப்ரெண்டும் அவ ஹஸ்பண்டும் பெரியவனக் கூட்டிட்டு மேல போறாங்க, நாங்க அப்பா அம்மாவோட வெங்கர்னால்ப்ல இருப்போம். பார்க்கிங் புக் ஆயிடுச்சு, வேன் உயரமும் சரியா இருக்கு. நண்பர்களோட பையன அனுப்புறதால ஃபேமிலி கார்டு அவங்களோட செல்லுமா?

ரயில்கிறுக்கன்:
செல்லாது அக்கா, அப்பாவோ அம்மாவோ கூட வந்தாதான். உங்க வீட்டுக்காரர மேல அனுப்புங்க, இல்லன்னா பையனுக்கு அன்னைக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்க.

மதுரைப்பொண்ணு_மியூனிக்:
அப்ப அவரும் போகட்டும். கடைசியா ஒண்ணு, அம்மாவுக்கு ராத்திரி ரசம் சாதம் இல்லாம ஆகாது, ரைஸ் குக்கர் எடுத்துட்டு வரலாமா?

பெர்ன்வாசி:
கட்டாயம் கொண்டு வாங்கோ, ஆனா ஜெர்மனியில வாங்கின குக்கரிண்ட தடிச்ச வட்ட பிளக் இஞ்சத்த சொக்கெட்டுக்குள்ள போகாது, மெல்லிய ரெண்டு கம்பி சார்ஜர் மட்டும்தான் போகும். அடாப்டர அங்கயே வாங்கி வாங்கோ. அரிசி, தயிர் வெங்கன் ஸ்டேஷனுக்குக் கிட்ட கூப் சூப்பர் மார்க்கெட்டில இருக்கு, பின்னேரம் நேரத்தோட பூட்டிடுவினம், வந்து இறங்கினவுடன வாங்கிப் போடுங்கோ.