திறன் குறைந்த கன்சோல், வெளி நிறுவனங்களின் கேம்கள் இல்லாமல் தாக்குப்பிடிக்குமா?

பழைய கார்ட்ரிட்ஜ்:
டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவியான (கன்சோல்) நிண்டெண்டோவின் வீ யூ தோற்றதற்குத் திறன் குறைவே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். அதற்கு முந்தைய வீயும் போட்டியாளர்களைவிடத் திறன் குறைந்ததுதான். ஆனாலும் 10 கோடிக்கு மேல் விற்றது. 2012 நவம்பரில் வந்த வீ யூவோ ஏறத்தாழ 1.36 கோடியோடு நின்றுவிட்டது. மரியோ, ஸெல்டா போன்ற புகழ்பெற்ற சொந்த கேம் தொடர்களைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வெளியாரின் தயவு உண்மையிலேயே தேவையா?

இரவாட்டக்காரன்:
தேவைதான். சொந்த கேம்கள் எவ்வளவு தரமாக இருந்தாலும் ஆண்டு முழுவதையும் நிரப்பப் போதாது. தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டிய நிண்டெண்டோவின் பிக்மின் 3, 2013-இன் நடுப்பகுதிக்குத் தள்ளிப்போனது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுவதும் விற்ற வீ யூக்கள் வெறும் 1.6 லட்சம். மரியோ கார்ட் 8 வருவதற்கு 2014 மே ஆகிவிட்டது. கன்சோல் வைத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதை வாங்கினார்கள் என்பதால், சரக்கில் குறையில்லை. அது வரும்வரை கடைக்காரர் எதைக் காட்டி விற்றிருப்பார்?

நிரல்மேடை:
திறனைவிட, ஒரு கருவிக்கு எழுதிய கேமை இன்னொன்றுக்கு மாற்றும், அதாவது போர்ட் செய்யும் செலவையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2013 இறுதியில் வந்த போட்டிக் கன்சோல்களான பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுமே எக்ஸ்86 வகைச் செயலியும் 8 ஜிபி நினைவகமும் கொண்டவை. ஒன்றுக்கு எழுதியதைப் பெரிய சிரமமின்றி மற்றதற்கும் கொண்டுபோகலாம். வீ யூவிலோ பவர்பிசி என்ற வேறு வகைச் செயலி. இருந்த 2 ஜிபியில் கேம்களுக்குக் கிடைத்தது 1 ஜிபி மட்டுமே. வாங்குவோரும் குறைவாக இருக்கும்போது, டெக்ஸ்சர்களை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களை) குறைத்து, நிரலைத் திருத்தி எழுத எந்தக் கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்வார்? 2011-இல் மேடையேறி நிண்டெண்டோவுடன் கைகோத்த கேம் நிறுவனமான இ.ஏ., இரண்டே ஆண்டுகளில் வீ யூவுக்கென இப்போது எந்த கேமையும் உருவாக்கிவரவில்லை என்று கைவிரித்தது. அந்தக் கன்சோலுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட ரேமன் லெஜண்ட்ஸ் கேமையும் யூபிசாஃப்ட் நிறுவனம் தள்ளிப்போட்டு, மற்ற கன்சோல்களிலும் சேர்த்தே வெளியிட்டது.

பழைய கார்ட்ரிட்ஜ்:
அப்படியானால் நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்ச்? அதுவும் பிளேஸ்டேஷன் 4-ஐவிடத் திறன் குறைந்ததுதானே?

இரவாட்டக்காரன்:
ஆம், ஆனால் பல நிறுவனங்கள் கேம் உருவாக்கப் பயன்படுத்தும் மென்பொருள்களான அன்ரியலும் யூனிட்டியும் அதில் தொடக்கம் முதலே இயங்கின. கூட்டம் சேர்ந்த பிறகு, 2019-இல் அதிகத் திறன் கேட்கும் வெளி நிறுவன கேமான விட்சர் 3-கூட வந்து சேர்ந்தது. அந்தக் கூட்டத்தை முதலில் இழுத்து வந்தவை நிண்டெண்டோவின் சொந்த கேம்களே என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீ யூ காலத்தில் அதன் குழுக்கள் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கும் சேர்த்து உழைக்க வேண்டியிருந்தது. கையடக்கமும் வீட்டுக் கன்சோலும் ஒரே கருவியான பின்னர் எல்லாக் குழுக்களின் உழைப்பும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததால், வெளியார் தாமதித்தாலும் முன்போல மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும் நிலை ஸ்விட்சுக்கு வரவில்லை.