அப்பத்தாவுக்கு வால்வு சுருக்கம்: படைப்பு முடியும் வரை பொறுக்கலாமா?

கானாடுகாத்தான் பேத்தி:
அப்பத்தாவுக்கு 76 வயது. முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல ஆத்தா" என்பார். போன கார்த்திகைக்குக் குன்றக்குடி மலைப்படியில் பாதியிலேயே கண்ணை இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். காரைக்குடியில் எக்கோ எடுத்தோம். சிவியர் அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ் (கடுமையான வால்வு சுருக்கம்), வால்வு ஏரியா 0.8, மீன் கிரேடியன்ட் 46, இ.எஃப். 60 என்று இருக்கிறது. "இ.எஃப். நார்மல்தானே, வயசுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும், மாசியில் படைப்பு (முன்னோருக்குக் குடும்பமாகக் கூடிச் செய்யும் வழிபாடு) முடியட்டும்" என்கிறார் சித்தப்பா. ஆஞ்சியோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தால் சரியாகிவிடாதா என்று அம்மா கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை நர்ஸக்கா:
தங்கச்சி, இதய வார்டில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். இடது கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசல்தான் அயோர்ட்டிக் வால்வு. நல்ல நிலையில் 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும். வயதாக ஆக அதன் இதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைத்துப்போகும். 1-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம், கிரேடியன்ட், அதாவது வால்வின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், 40-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். அப்பத்தாவுக்கு இரண்டுமே இருக்கிறது.

இ.எஃப். 60 என்பதால் சித்தப்பா நிம்மதி அடைய வேண்டாம். ஒவ்வொரு துடிப்புக்கும் கீழறையிலுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதைத்தான் அது சொல்லும். குறுகின வாசல் வழியாகத் தள்ளித் தள்ளி அந்தத் தசை தடித்துப்போகும். ரொம்ப நாள் வரைக்கும் இ.எஃப். குறையாமலே காட்டும். ஆனால் தடித்த தசை சரியாகத் தளராது, அழுத்தம் நுரையீரல் பக்கம் ஏறும், மூச்சு வாங்கும். படி ஏறும்போது கூடுதல் ரத்தத்தை அனுப்ப முடியாமல் தலை சுற்றும். தூணைப் பிடித்து நிற்பதும் மலைப்படியில் உட்கார்ந்ததும் இந்த நோயின் அறிகுறிகள், தங்கச்சி. முதுமை என்று விடாதீர்கள்.

அறிகுறி தெரியாத வரைக்கும் பல வருஷம் ஓடும். தெரிந்த பிறகு வால்வை மாற்றாமல் விட்டால், பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று வருஷம்தான் என்பது பழைய ஆய்வுகளிலிருந்தே தெரிந்த விஷயம். திடீர் மரணமும் உண்டு. படைப்புக்காகத் தள்ளிப் போடாதீர்கள், இதயம் பார்க்கும் டாக்டர் நாள் சொல்லட்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: ஸ்டென்ட் ரத்தக்குழாய் அடைப்புக்கு, இது வால்வு. வால்வோடு அடைப்பும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆஞ்சியோ. சுருங்கின வால்வைத் திறக்க மாத்திரை கிடையாது. இன்னொன்று, நெஞ்சு வலிக்கிறது என்று பக்கத்து வீட்டு சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை நாக்கடியில் வைத்துவிடாதீர்கள். இந்த நோயில் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும்.

பள்ளத்தூர்க்காரன்:
எங்கள் அப்பச்சிக்கு நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவில் உருவாக்கி 1990-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய வகை. உழைக்கும், ஆனால் ஆயுசு முழுக்க ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. கீரையை ஒரு நாள் குவித்து ஒரு நாள் விட்டால் ஐ.என்.ஆர். அளவு ஆட்டம் போடும். அப்பத்தா வயதில் பெரும்பாலும் திசு வால்வுதான் (விலங்குத் திசுவில் செய்தது) சொல்வார்கள்.

கானாடுகாத்தான் பேத்தி:
நெஞ்சைத் திறக்கவே கூடாது என்று அப்பத்தா பிடிவாதமாக இருக்கிறார். தொடை வழியாக வைப்பது பற்றிச் சொன்னார்கள்.

தேவகோட்டை நர்ஸக்கா:
டாவி என்பார்கள். 2002-ல் பிரான்ஸில் அலென் கிரிபியே என்ற டாக்டர் முதன்முதலாகச் செய்தது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய்ப் பழையதுக்குள் விரிப்பார்கள். இந்த வயதுக்கு நல்ல வழிதான். ஆனால் சி.டி. எடுத்து வால்வின் அளவும் குழாயின் அகலமும் பார்த்த பிறகே முடியுமா என்று தெரியும். துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. செலவு பல லட்சம், காப்பீட்டு அட்டையில் எந்தச் சிகிச்சை வரும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கானாடுகாத்தான் பேத்தி:
சரி அக்கா. வியாழக்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போகிறோம். சித்தப்பாவும் வருகிறார்.

தேவகோட்டை நர்ஸக்கா:
நல்லது. எக்கோ ரிப்போர்ட்டோடு அப்பத்தா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இருந்தால் ஆஞ்சியோவுக்கு முன்பே சொல்லுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சொத்தைப் பல் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். புது வால்வில் கிருமி உட்காராமலிருக்க முதலில் பல்லைச் சரிசெய்யச் சொல்வார்கள்.